சூப்போடு எழும்பி வந்தவன்

மரியாதை தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனை எந்த நல்ல காரியத்துக்கும் அனுப்பக் கூடாது. இருபத்தாறு வயதில் நான் அப்படிப் பெயர் எடுத்திருந்தேன். லண்டன் நோர்பரியில் எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டித்தான் புத்தி சொல்வார்கள். அந்த மரியாதையை வைத்துத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாற்பதே நிமிடத்தில், என் தங்கையின் கல்யாணத்தைக் குழப்பப் பார்த்தேன்.

தங்கை தர்சினி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரப் பையனை விரும்பினாள். அவனுடைய தாய் தகப்பன் வேலைக்காக லண்டன் வந்து தென் கென்சிங்டனில் குடியிருந்தார்கள். அந்தப் பக்கத் தெருக்களில் பிரெஞ்சுதான் காதில் விழும். ஆங்கிலம் பேசுகிறவனைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பா இந்தச் சம்பந்தத்துக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜூலியன் வீட்டார் எங்களைக் குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. (மீன் வாங்கத் தோர்ன்டன் ஹீத் வரை நடக்கும்போது வராத வலி.) அம்மா அவருக்குத் துணை.

"நீ போட்டு வா தம்பி," என்றார் அப்பா. "ஒரு நேரம் ஒண்டா இருந்து சாப்பிட்டால் சனத்தின்ரை குணம் தெரிஞ்சிடும். நல்ல சனம் எண்டு நீ சொன்னால் நான் மறிக்கமாட்டன்."

ஆகவே தர்சினியின் வாழ்க்கை முழுக்க என் வயிற்றை நம்பியிருந்தது. அவளுக்கு அன்று இரண்டு மணி வரை ஷிப்ட். முடிந்ததும் நேரே வருகிறேன் என்றிருந்தாள். "நான் வரும் வரைக்கும் ஒண்டும் குழப்பாமல் இரு அண்ணை, அது காணும்," என்று முதல் நாளே கெஞ்சினாள். நான் சிரித்தேன்.

ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜூலியனின் தாய் மொனிக் கதவைத் திறந்து கன்னத்தோடு கன்னம் வைக்க வந்தார். நான் கைகூப்பியிருந்தேன். கூப்பிய கை இருவருக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. தகப்பன் பெர்னார் அதைப் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று புரட்டாதிச் சனி. மச்சம் மாமிசம் தொடமாட்டேன், மரக்கறிதான் என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தேன். மேசையில் லீக்ஸ் சூப்பும் நீளமான பாண் ரொட்டி இரண்டும் வந்தன. எனக்கு ஆச்சரியமே இல்லை. அலுவலக விருந்துகளில் மரக்கறிக்காரனுக்கு ஒரு கிண்ணம் இலைதழையும் ஒரு பரிதாபப் பார்வையும்தான் கிடைக்கும். அதோடு ஒப்பிட்டால் சூப் ராஜ விருந்து. வயிற்றை நிரப்ப இதுதான் வழி என்று மூன்று கிண்ணம் குடித்தேன். பாணில் ஒன்றை முழுசாகவே முடித்தேன். பெர்னார் இரண்டாவது பாணையும் என் பக்கம் நகர்த்தினார். அதிலும் பாதி போனது.

மொனிக் நான்கு கரண்டி சூப் குடித்திருப்பார். அதற்குள் நான்கு தடவை எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (எனக்கு எல்லாம் விளங்கும்போதுதான் மற்றவர்கள் பயப்பட வேண்டும்.) எங்கள் வீட்டில் விருந்தாளி சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அம்மா தன் கோப்பையில் சாப்பாடு போடுவார். பாவம் இந்த மனுசியும் என்னால்தானே பசியோடு நிற்கிறது என்று மனம் இளகிவிட்டது.

என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவினேன். பெர்னாரின் கிண்ணத்தையும் பறித்துக் கழுவினேன். அடுப்புக்குள்ளே ஒரு பெரிய தட்டில் ஏதோ மொறுமொறுவென்று சிவந்துகொண்டிருந்தது. இராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு செய்கிறார்கள், கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

"இருங்கள், இன்னும் இருக்கிறது," என்றார் மொனிக் ஆங்கிலத்தில், முகம் வெளிறி.

எங்கள் ஊரில் இதைச் சொல்லாத வீடு இல்லை. சொன்னவுடன் உட்காருகிறவனும் இல்லை. வயிற்றைத் தடவிக்காட்டி மறுத்தேன். அவர் இன்னும் இரண்டு தரம் சொன்னார். நானும் இன்னும் இரண்டு தரம் மறுத்தேன். மூன்றாவது மறுப்பில் எனக்கே என் வளர்ப்பை நினைத்துப் பெருமையாக இருந்தது. மேசையிலிருந்த ஜூலியன் எழும்பி வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினேன். மணி ஒன்று நாற்பது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

"என்ன மாதிரி?"

"நல்ல சனம் அப்பா. எளிமையான சனம்."

"சாப்பாடு?"

"சூப்பும் பாணும்."

"சம்பந்தம் பேசப் போனவனுக்குச் சூப்பும் பாணுமோ? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கிறதை என்ரை பிள்ளைக்குக் குடுத்தவங்களோ?" என்று அப்பா எழும்பினார். முழங்கால் வலியைக் காணவில்லை. "இந்தக் கதையை இண்டையோடை விடுங்கோ."

அப்போதுதான் ஜூலியன் வீட்டிலிருந்து தர்சினி போன் எடுத்தாள்.

"அண்ணை, எங்கை நிக்கிறாய்?"

"வீட்டிலை."

"ஏன் போனனீ? அவை இன்னும் சாப்பிடவே தொடங்கேல்லை. சூப் முதலாவது மட்டும்தான், அவை ஒவ்வொண்டாய்த்தான் பரிமாறுவினம். இன்னும் நாலு கிடக்கு. எங்களைப் பிடிக்காமல் எழும்பிப் போட்டார், கலியாணத்துக்கு விருப்பமில்லைப் போல எண்டு பெர்னார் சொல்லுறார். உனக்காக மொனிக் மூண்டு நாளாய் மரக்கறிச் சமையல் படிச்சவ. குசினிக்குள்ளை நிண்டு அழுறா."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். போய் என் ஜாக்கெட்டை எடுத்துவந்து கையில் தந்தார். "போ. போய் இருந்து சாப்பிடு. அவை எழும்பச் சொல்லுமட்டும் எழும்பாதை."

மூன்றே முக்காலுக்குத் திரும்பிப் போனேன். எனக்காக எல்லோரும் அப்படியே காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரிமாறுவோம், முடிந்ததும் எழும்பிவிடுவோம் என்று சொன்னேன். நீங்கள் சாப்பிட வேண்டும் என்றுதான் போனேன் என்று மொனிக்கிடமும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீஸ் மூடிய கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் ஒரு மலை அளவுக்கு என் தட்டில் வைத்தார். ஒன்றரைப் பாணுக்கு மேலே அது இறங்கியது. பிறகு சாலட், ஏழு விதச் சீஸ், ஆப்பிள் பை, கோப்பி. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. கடைசியில் மூச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆறு மணிக்குத் தர்சினி மேசைக்குக் கீழே காலால் இடித்து, "இனி எழும்பலாம் அண்ணை," என்றாள். எழும்ப முடியவில்லை. ஜூலியன்தான் கைகொடுத்தான்.

கல்யாணம் நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. அப்பாவும் பெர்னாரும் இப்போது என்னைக் கேலி செய்வதற்காகவே சந்திக்கிறார்கள். மொனிக் தமிழில் ஒரே ஒரு வசனம் படித்திருக்கிறார்: "இருங்கோ, இன்னும் இருக்கு." சாப்பாட்டுக்கு நடுவே பாத்ரூமுக்குப் போக எழும்பினாலும் அதைத்தான் சொல்கிறார். பெர்னார் அவ்வளவு நம்புவதில்லை. நான் உள்ளே வந்ததும் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கோப்பி வந்த பிறகுதான் அதை எடுத்து மேசையில் வைக்கிறார்.