தளபதி குடித்த கூழ்

மூன்றாம் பாகத்திலும் தளபதி எழுவைதீவுக்கு வரவில்லை. யாகப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காம் பாகத்தை எடுத்தார்.

அந்தச் சரித்திர நாவல் அவருக்குக் காது வழியாக வந்தது. இந்தியப் பத்திரிகை ஒன்றில் வாரந்தோறும் வந்த தொடர்கதை. யாகப்பு பிறந்த எழுவைதீவுக்கு வருவது ஒரே பிரதி. கரையில் ஆண்கள் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருக்க, ஞானசவுந்தரி என்ற இளம்பெண் நடுவில் இருந்து உரக்க வாசிப்பாள். சின்னப் பொடியனாக வாயைப் பிளந்து கேட்டவருக்கு இப்போதுதான் மகள் ஐந்து பாகங்களையும் வாங்கி அனுப்பியிருந்தாள்.

நாவல் முழுவதும் அருமைதான். ஆனால் யாகப்புவின் உயிர் ஓர் அத்தியாயத்தில் இருந்தது. போரில் தோற்ற பாண்டியத் தளபதி எழுவைதீவில் தனியே கரையொதுங்குகிறான். அவன் ஆரென்று அறியாத ஒரு மீனவக் கிழவி, படகைக் கட்டிய சீர் சரியில்லை என்று திட்டித் தீர்த்துவிட்டு, பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் வார்த்துக் கொடுக்கிறாள். எந்த அரசனுக்கும் குனியாத தலை அந்தப் பிளாவுக்கு மேல் குனிகிறது.

நினைக்கும்போதெல்லாம் அவருக்கு மயிர்க்கூச்செறியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தாளனுக்கு எங்கள் கூழின் உறைப்பு எப்படித் தெரிந்தது என்று வியந்து வியந்தே மனிதருக்கு வயதாகிவிட்டது.

ஐந்தாம் பாகமும் முடிந்தது. கூழைக் காணவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாசிகசாலை விழாவில் அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பழைய பதிப்பு ஒன்றை இரவல் வாங்கினார். அதிலும் இல்லை. பதிப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வேறு நாவலோடு குழப்பிக்கொண்டீர்களோ என்று அவர்கள் பணிவாகக் கேட்டதில் அவருக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"வேணுமெண்டே வெட்டிப்போட்டாங்கள்," என்று வாசிகசாலைத் தலைவர் சரவணமுத்துவிடம் சொன்னார் யாகப்பு.

"எங்கடை தீவுக்குப் பெருமை வரக்கூடாதெண்டோ?"

என்று கேட்ட சரவணமுத்துவுக்கு இரத்தம் கொதித்தது. விழா கண்டனக் கூட்டமாயிற்று. தளபதி கூழ் குடிக்கும் பெரிய பதாகை இறங்குதுறையில் ஏறியது. அடுத்த தீவிலுள்ள நாரந்தனையிலிருந்தும் சனம் வந்து இறங்கியது.

கூட்டத்தைக் கண்டதும் யாகப்பு பேச்சுக் குறிப்பை மறுபடி புரட்டினார். ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது? பொய்யன் என்ற பெயரோடு இத்தனூண்டு தீவில் எங்கே ஒளிவது? நல்லகாலம், கல்யாணமாகி ஊர்காவற்றுறைக்குப் போயிருந்த ஞானசவுந்தரியைத் தேடிப் பிடித்து, வாசித்தது நினைவிருக்கிறது என்று அவர் சொன்னதே போதுமென்று சாட்சியாகக் கூட்டிவந்து மேடையில் இருத்தியிருந்தார்.

பேசத் தொடங்கினார். கிழவி கூழ் வார்த்த இடத்தில் சனம் மூச்சுவிட மறந்தது. கிழவியின் ஏச்சு ஒரு சொல்லும் பிசகாமல் வந்தது. தளபதி தலை குனிந்தபோது சரவணமுத்துவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி எழுத எவனால் முடியும் என்று யாகப்பு சனத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, நீங்களே சொல்லுங்கோ. இது நீங்கள் வாசிச்சதுதானே?"

ஞானசவுந்தரி ஒலிவாங்கியை வாங்கினார். "ஓம். நான்தான் வாசிச்சனான்."

கைதட்டல் ஓய நேரமெடுத்தது. அவர் பொறுமையாக நின்றார்.

"ஆனால் தம்பி, அதைப் புத்தகத்திலை தேடினால் எப்பிடி இருக்கும்? அந்தக் கிழமை கடல் பெருத்து வள்ளமும் வரேல்லை, பத்திரிகையும் வரேல்லை. கதை கேக்கவெண்டு வந்து குந்தியிருந்த உங்களை நான் சும்மா எப்பிடி அனுப்புறது?"