முப்பத்தொன்றாம் தேதியின் 'ஓகே'

மனித குலம் கண்டெடுத்த பொக்கிஷங்களில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் 'ஓகே'வுக்குத்தான் என்பது பராமரிப்பு அதிகாரியின் தீர்மானமான முடிவு. ஏழு மாடி அலுவலகத்தின் லிஃப்ட், மோட்டார், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. அத்தனையையும் அந்த ஒரே சொல்லால் தாங்கி வந்தார் புண்ணியவான்.

லிஃப்டைத் தினமும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. இவரோ மாதம் பிறந்த அன்றே, காபி ஆறுவதற்குள், முப்பத்தொரு 'ஓகே' எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். தொலைநோக்கு என்றால் இதுவல்லவா தொலைநோக்கு!

லிஃப்ட் ஓட்டும் அம்மாளுக்கு அந்த ஞானம் போதவில்லை. அவள் ஒருத்தி சம்பளத்தில் வீட்டில் நான்கு வயிறு. அந்தப் பயம் வேறு.

"நாலாவது மாடிகிட்ட உதறுது சார். எத்தன தடவ சொல்றது?"

"ஓகேம்மா."

"ஓகேன்னா? ஆள் வருமா, வராதா?"

"ஓகேன்னா ஓகேதாம்மா!"

அந்த மாதம் முப்பதாம் தேதி, ஏழாவது மாடியில் அவருடைய பேருரை. தலைப்பு: 'ஓகே: பொருள், புழக்கம், பிறப்பு'. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்'டை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதிக் கேலி செய்த பத்திரிகைக்காரர்கள் பெற்ற பிள்ளை அது என்று, போகிற வழியிலேயே அம்மாளிடம் ஒத்திகை பார்த்தார். நாலாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் அணைந்தது.

அதிகாரி உள்ளே இருந்த போனில் காவலாளியைப் பிடித்து அலறினார்.

"யோவ், லிஃப்ட் நின்னுடுச்சுய்யா!"

"இருங்க, பதிவேட்டப் பாக்குறேன்... இன்னிக்கு ஓகேன்னு இருக்கே! யாருங்க அது, விளையாடுறீங்களா?"

கதவை நெம்பித் திறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்த வாரம் விசாரணை. பதிவேட்டின்படி லிஃப்டில் குறையில்லை. ஆகவே குறை ஓட்டியவளிடம். ஆகவே வேலை நீக்கம்.

அம்மாள் விடவில்லை. பதிவேட்டை மேசைமேல் விரித்தாள்.

"அந்த மாசத்துக்கு முப்பதே நாளுங்க. முப்பத்தொண்ணாந் தேதிக்கும் ஓகே போட்டிருக்காரே, எந்த லிஃப்டப் பாத்துப் போட்டாரு?"

விசாரணை அதிகாரி நெற்றியைச் சுருக்கினார். "முப்பத்தொண்ணாந் தேதி லிஃப்ட் நின்னுச்சா?"

"அப்படி ஒரு நாளே இல்லீங்களே!"

"அப்ப நிக்கல. எழுதினது சரிதானே?"

வேலை நீக்க உத்தரவின் ஓரத்தில் பராமரிப்பு அதிகாரி வழக்கம்போல் 'ஓகே' எழுதினார். அம்மாள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

விசாரணை அதிகாரியையும் குறை சொல்வதற்கில்லை. பராமரிப்பு அதிகாரி ஆயுசில் எழுதிய 'ஓகே'க்களில் பொய்யில்லாதவை, இல்லாத நாட்களுக்கு எழுதியவை மட்டும்தான்.