மாட்டுக்கு மட்டும் தடைங்க

எங்கள் வட்டாரத்தில் மாடுகளைத் தவிர வேறு யாருக்குமே பிடிக்காத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது ‘தடையுத்தரவு’தான். மாடுகளுக்கும் பிடித்ததா என்பது சந்தேகம். ஊசி போடுகிற ஆள் அல்லவா! பெருமாநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். பெற்றோர் வைத்த பெயர் ஒருவருக்கும் தெரியாது.

மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவிய சமயம். சந்தையை மூடி, ஊர்விட்டு ஊர் மாடு கொண்டுபோகக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அதை ஒருவர் நிஜமாகவே அமல்படுத்துவார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இவர் ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டப்பெயர் அப்போது ஒட்டியதுதான்.

ஒருநாள் டெம்போ ஒன்று வந்தது.

“வண்டியில என்னங்க?”

“பனியன் கட்டிங் வேஸ்ட்டுங்க சார்.”

அதற்குள் வேஸ்ட், “ம்மா” என்றது.

“நல்ல துணியாட்ட இருக்குதுங்க. எத்தன லிட்டர் கறக்கும்?” என்று கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

கல்யாணப் பந்தியில் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “மாமா, அந்தச் செவலையத் தனியாக் கட்டுனீங்களா? சீழ் நிக்குதா?” என்று எதிர்வரிசைக்குக் குரல் கொடுப்பார். பாதிப்பேர் இலையை மூடிவிடுவார்கள்.

பிறகு எங்கள் ஊர் எக்ஸ்போர்ட் முதலாளி பங்களா கட்டினார். புதுமனை புகும் புண்ணியார்ச்சனைக்கு வெளியூரிலிருந்து பசுவும் கன்றும் வேனில் வந்து இறங்கின. பசுவின் கழுத்தில் கழலைகள். மேலே மஞ்சளை அப்பியிருந்தார்கள். தடையுத்தரவு கேட்டை மறித்தார்.

“மாட்டுக்கு மட்டும் தடைங்க. ஆளுங்க தாராளமா போலாம்.”

“ஏனுங்க, மாடில்லாம எப்படிங்க புது ஊட்டுக்குள்ள போறது?” என்றார் முதலாளி.

“இது போனா ஊருக்குள்ள மாடே இருக்காதுங்க.”

முதலாளி யாருக்கோ போன் போட்டுப் பேசி, போனை இவரிடம் நீட்டினார். “சரிங்க சார்... சரிங்க சார்...” அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்டைவிட்டு விலகினார். பசு உள்ளே போனது. நாங்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். அவர் சாப்பிடவில்லை.

அடுத்து ஊரில் மாடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபடி, ஒரே ஒரு பசுவை நம்பி மகளைக் காலேஜில் படிக்கவைத்த சரசக்காவின் பசுவும் செத்தது. தடையுத்தரவு நோயைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. கொடுத்தவர் அதே முதலாளி. இவருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது.

அந்தச் சேதி வந்தபோது, தடையுத்தரவு சரசக்காவின் பசுவுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

“போதுங்க சார், உங்களத்தான் மாத்திட்டாங்களே...” என்று அழுதார் அக்கா.

“என்னையத்தாங்க மாத்துனாங்க, நோய மாத்தலியே! ஆழம் பத்தாதுங்க்கா, நாய் தோண்டிரும்.” மண்வெட்டியை நிறுத்தவேயில்லை. கடைசியில் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்.

அன்று சாயந்திரம் அவரை என் பைக்கில் பஸ் ஏற்றக் கொண்டுபோனேன். என் தொழுவத்தில் கொசுவலை கட்டவில்லை, சாணியை அள்ளவில்லை என்று வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பஸ் போனபிறகும் வண்டியை எடுக்க மனமில்லை. இன்னும் கொஞ்ச தூரம் திட்டிக்கொண்டு வந்திருக்கலாம் அந்த மனுஷர்.