ஒட்டக் கூடாத காட்சி

தடாலென்று நாற்காலி கவிழ்ந்தது. திரையிடும் அறையின் இருட்டில் டைரக்டர் கட்சுராகி எழுந்து நின்றிருந்தார்.

"ஒட்டுதேய்யா."

"தேன் மாதிரி ஒட்டுது சார்" என்றார் எடிட்டர் பெருமையாக.

"ஒட்டக் கூடாது. ஒவ்வொரு ஷாட்டும் எகிறணும். பார்க்கிறவன் திடுக்கிடணும். டோக்கியோவே பேசணும்."

அதற்காகத்தான் ஃபுமியேவைத் துணிக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார். எந்தக் கையில் கோப்பை, கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஷாட்டுக்கு ஷாட் குறித்துவைப்பது இருபது வருடமாக அந்த அம்மாளின் வேலை. ஒட்டாத படத்துக்கு நோட்டு எதற்கு?

சனிக்கிழமை ஸ்டூடியோ தலைவர் பார்க்கிறார். வழக்கமான படமாக இருந்தால் வேறு டைரக்டர்.

நூடுல்ஸ் கடைச் சண்டையை மறுபடி எடுத்தார்கள். "கையை மாத்திக்குங்க" என்றார் கட்சுராகி. கதாநாயகன் ஓனோதெரா குச்சிகளை இடது கைக்கு மாற்றினார். திரையில் பார்த்தால் முந்தின ஷாட்டிலும் இடதுதான்.

"கிண்ணத்தைப் பழைய அளவுக்கே ஏன்யா ரொப்பின?"

"பழக்கம் சார். கை கேக்க மாட்டேங்குது" என்றார் செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் சென்கிச்சி.

"சரி, எல்லாரும் இஷ்டத்துக்கு நடிங்க."

இந்த முறை கிண்ணத்து ஆவிகூட அதே பக்கம் வளைந்தது. எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சர்வீஸ்ல இப்படி ஒட்டினதில்ல சார்."

வியாழக்கிழமை கட்சுராகி துணிக் கிடங்குக்குப் போனார். ஃபுமியே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"எது ஒட்டும்னு தெரிஞ்சாத்தானே உடைக்க முடியும். வாங்கம்மா."

"இந்தப் பொத்தானை முடிச்சிட்டு வரேன்."

வந்தார். கேமரா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "போன ஷாட்ல வலது கை. இப்ப இடது. கிண்ணம் காலியா இருந்துச்சு, ரொப்புங்க. ஓனோதெரா கதவைப் பார்த்தாரா, எதிர்ல இருக்கிற பொண்ணும் கதவையே பார்க்கட்டும்."

சனிக்கிழமை தலைவர் இருக்கையிலேயே மூன்று முறை துள்ளினார். நான்காவது முறை சிகரெட் மடியில் விழுந்தது. தட்டி அணைத்துவிட்டுச் சொன்னார்:

"நீயே முடி கட்சுராகி. அடுத்த படமும் உனக்குத்தான்."

இனிப்புப் பெட்டியோடு, கால் தரையில் படாமல் ஃபுமியேவைத் தேடி வந்தார் கட்சுராகி. செட் தட்டிக்குப் பின்னால் சென்கிச்சியின் குரல் கேட்டது.

"டைரக்டர்தான் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுட்டாரே அக்கா, இனிமேலாவது கிடங்குலேர்ந்து நீங்க ரகசியமா சொல்லியனுப்பின மாதிரி நான் நூடுல்ஸை எண்ணி எண்ணிப் போட வேண்டாமில்ல?"