ஆறு பழமும் பதினேழாம் விதியும்

ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிறிய பாதுகாக்கப்பட்ட வனப் பூங்காவுக்கு நாற்பத்தொரு விதிகள். அத்தனையையும் எழுதியவர் வனத்துறை அலுவலகத்தின் தலைமை எழுத்தர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் காட்டைக் கோப்பிலேயே வளர்த்து வந்தவர், நேரில் ஒரு நாளும் போனதில்லை.

"ஊருக்கெல்லாம் விதி எழுதுறீங்க. அந்த ஏரியை என் கண்ணுல காட்டினீங்களா?" என்று மனைவி கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மனைவி பையில் ஆறு வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள்.

வாசல் காவலர் பழங்களை எண்ணிச் சீட்டில் குறித்தார். "பதினேழாம் விதி சார். உள்ளே கொண்டுபோற பொருளெல்லாம் எண்ணிக்கை குறையாம வெளியே வரணும்."

பிளாஸ்டிக் குப்பையை நினைத்து எழுதிய விதி. ஆனாலும் தம் வாக்கியத்தை இன்னொருவர் வாயால் கேட்டதில் தலைமை எழுத்தருக்கு உச்சி குளிர்ந்தது.

உள்ளே குரங்குகள் பின்னாலேயே வந்தன. அவர் பையை மார்போடு அணைத்தபடி பத்தடிக்கு ஒருமுறை எண்ணினார்.

"ஏங்க, அந்த நாரையைப் பாருங்க."

"இரு. நாலு, அஞ்சு..."

கரையில் விதிப் பலகை ஒன்று தெரிந்தது. பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கப் போனார். திரும்பி வந்தால் ஆறு தோல்தான் இருந்தது.

"காலையிலேர்ந்து பட்டினி. நீங்க எண்ணுறதைப் பார்த்தே பசி வந்துருச்சு," என்றாள் மனைவி.

வாசலில் காவலர் பையைக் கொட்டினார். "தோல் ஆறு, சரி. பழம்?"

"சாப்பிட்டாச்சுப்பா."

"சாப்பிடலாம்னு விதியில இல்லையே சார்."

"அந்த விதியை எழுதினதே நான்தான்யா."

"அப்ப உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவரைப் பதினேழு என்று எண்ணிட்டுச் சுட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு, "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்று காவலருக்கு ஒத்து ஊதினார்கள்.

மனைவிதான் முன்னால் வந்தாள். "ஆறும் என் வயித்துல இருக்கு. நானும் வெளியேதானே போறேன்? எண்ணிக்கை எங்க குறைஞ்சுது?"

காவலர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "ஆனா ஒரு அதிகாரி சான்று தரணும்மா."

தலைமை எழுத்தர் வெட்கத்தோடு பேனாவை எடுத்தார். 'மேற்படி பழங்கள் ஆறும், மேற்படி மனைவியாரின் வயிற்றில், நல்ல நிலையில் வெளியேறுகின்றன என நேரில் அறிந்து சான்றளிக்கிறேன்.' எழுதி முடித்தபோது வாக்கியம் அவருக்கே பிடித்திருந்தது.

பேருந்தில் மனைவி, "ஏரி எவ்வளவு அழகு, இல்ல?" என்றாள். அப்போதுதான் ஏரியைப் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. "ஆமா," என்றார்.

திங்கட்கிழமை மேலதிகாரி கூப்பிட்டு, "ஏரிக்குப் போனீங்களாமே, எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எண்ணிக்கை குறையாம இருக்கு சார்."

மேலதிகாரி மகிழ்ந்துபோய், 'ஏரி நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டார். இன்னும் பத்து ஆண்டுக்கு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்று அலுவலகமே நிம்மதியாக மூச்சு விட்டது.