ஏனுங்கண்ணன் எடுத்த ஒரே போட்டோ

கோயமுத்தூர் ஜங்ஷனில் காலையில் வந்து இறங்குகிற அத்தனை கணவன்மார்களையும் ஒரே சொல்லில் நடுங்க வைக்கக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் போலீஸ் இல்லை. டி.டி.ஆர். இல்லை. மேட்டுப்பாளையம் பாசஞ்சர் வந்து நிற்கும் பிளாட்பாரத்தின் கோடியில், கழுத்தில் கேமராவும் காலில் ரப்பர் செருப்புமாக நிற்கிற அறுபது வயதுக்காரர்.

அந்தச் சொல் ‘ஏனுங்க.’

எங்கள் கொங்குப் பக்கத்தில் கடைக்காரரைக் கூப்பிட, வழி கேட்க, நகரப் போகும் பஸ்ஸை நிறுத்த, எல்லாவற்றுக்கும் ‘ஏனுங்க’தான். ஆனால் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அதே ‘ஏனுங்க’தான் என்பதை வெளியூர்க்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மனிதருக்கோ சன்னக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த வீட்டு அம்மணி என்று சொல்ல முடியாது. பின்னாலிருந்து அவர் ‘ஏனுங்ங்க’ என்று இழுத்தால், பிளாட்பாரத்தில் போகிற ஆண்பிள்ளைகள் ஒட்டுமொத்தமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். எதையோ மறந்துவிட்டு வந்த முகம் ஒவ்வொருவருக்கும்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஜங்ஷன் முழுக்க அவர் ஏனுங்கண்ணன். அவரைக் கூப்பிடுவதுதான் கஷ்டம். “ஏனுங்க, ஏனுங்கண்ணா” என்றால் முதல் ‘ஏனுங்க’வுக்கு நாலு பேர் நின்றுவிடுவார்கள்.

கணபதியில் அவருக்கு ஒரு வெட் கிரைண்டர் பட்டறை இருந்தது. மகன் தலையெடுத்ததும் பட்டறையை அவன் பார்த்துக்கொண்டான். இவர் சும்மா இருக்காமல், ஓடுகிற ஒவ்வொரு கிரைண்டருக்குப் பக்கத்திலும் போய் நின்று காது கொடுத்துக் கேட்டு, “சத்தம் செரியில்லையே கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து பட்டறைக்கு நிம்மதி. ஜங்ஷனுக்குத் தொல்லை ஆரம்பித்தது.

“எதுக்குங்ணா இந்தக் கூட்டத்தைப் போயி எடுக்கறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கல்யாணத்துல எல்லாரும் மூஞ்சிய மாத்தி வெச்சுக்கறாங்க தம்பி. வெடியால ரயிலை விட்டு எறங்கறப்பத்தானுங்க அவங்கவங்க மூஞ்சி அவங்கவங்ககிட்ட இருக்குது.”

அழகான யோசனைதான். யாரும் கேமராவைப் பார்க்காத, காலைக் கூட்டத்தின் ஒரே ஒரு நிஜப் போட்டோ. அது கிடைத்தால் போதும், கேமராவைக் கழற்றி வைத்துவிடலாம் என்றார். ஒரு சின்னச் சிக்கல்தான். கேட்காமல் யாரையும் எடுக்க மாட்டார்.

“கேக்காம எடுக்கறது, கதவைத் தட்டாம அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போற மாதிரிங்க.”

ஆகவே ஆரம்பத்தில் ஆள் ஆளாகக் கேட்டிருக்கிறார். “ஏனுங்க, கூட்டத்தை ஒரு போட்டோ எடுக்கறேன். நீங்களும் அதுல உழுவீங்க. பரவாயில்லைங்களா?” பதினோராவது ஆளிடம் சம்மதம் வாங்கி நிமிர்ந்தால் பிளாட்பாரத்தில் கூட்டம் இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. அதனிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

அதன் பிறகுதான் மொத்தமாக ‘ஏனுங்ங்க’ என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எடுக்கும் முறைக்கு மாறினார். விளைவு, எடுத்த படங்களிலெல்லாம் இருநூறு பேரும் கேமராவையே பார்த்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இல்லாத கல்யாண குரூப் போட்டோ மாதிரி இருந்தது. மறுநாள், “ஏனுங்க, யாரும் இங்க பாக்காதீங்க” என்று கூவினார். ரயில் ஓட்டுகிறவர் உட்பட எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து, ‘போட்டோ எடுக்கிறேன். தயவுசெய்து கவனிக்காமல் போகவும்’ என்று அட்டையில் எழுதிக் கம்பத்தில் மாட்டினார். ஜனம் நின்று நிதானமாகப் படித்ததில் சுரங்கப்பாதைப் படி வரைக்கும் நெரிசல். போலீஸ்காரர் வந்தார். நடையாய் நடந்து வாங்கி, லாமினேட் செய்து கேமராவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்த ரயில்வே அனுமதிக் கடிதத்தை ஏனுங்கண்ணன் தூக்கிக் காட்டினார்.

“பெர்மிஷன் போட்டோவுக்குங்க. போர்டுக்கு இல்லைங்க” என்றார் போலீஸ்காரர். அவரும் எங்கள் பக்கம்தான்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும்.

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் கொடுத்த முதல் காபி. பாதி குடிக்கும்போதே புரிந்துவிட்டது. மிச்சத்தைக் குடிப்பதா வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், வேலை போய்விட்டது.

வீட்டில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். செல்வி, என் வீட்டுக்காரி, காலை ஐந்தரைக்கு எழுந்து சாப்பாடு கட்டித் தருவாள். அதை வாங்கிக்கொண்டு, வேலையே இல்லாத நான் வழக்கம்போல் காரமடையில் ரயில் ஏறி, அவசரமாக ஜங்ஷனில் இறங்கி, அவசரமாகப் பத்தடி நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். சாயங்கால ரயில் வரைக்கும் போனில் வேலைக்கு மனுப் போடுவதுதான் வேலை. சீசன் டிக்கெட் இருந்ததால் என்னை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. இப்படி இரண்டு மாதம்.

கூட்டம் கலைந்ததும் ஏனுங்கண்ணன் வருவார். “பக்கத்துல உக்காரலாங்களா?” பிளாட்பார பெஞ்சுக்கு என்னிடம் அனுமதி. மத்தியானம், “டப்பாவுல என்னங்க?” பாதிச் சாப்பாடு அவருக்கு.

“உங்களுக்கு ரயிலுன்னா நொம்பப் புடிக்குமாட்ட இருக்குதுங்க” என்றார் ஒருநாள்.

“உசுருங்ணா” என்றேன்.

அப்போதுதான் ஒரு ஆடி வெள்ளி. “இன்னிக்கு அக்காவோட கோனியம்மன் கோயிலுக்கு வந்தாலும் வருவேனுங்க. அப்படியே உங்க ஆபீசையும் எட்டிப் பாத்துட்டு வாரேன்” என்று செல்வி காலையில் சாதாரணமாகச் சொன்னாள். பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன். ரயிலில் ஏறின பிறகும், பின்பெட்டியில் அவள் ஏறியிருப்பாளோ என்று கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜங்ஷனில் இறங்கியதும் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு ரயிலின் தாமதத்துக்கு மூன்று மொழியில் வருந்திக்கொண்டிருந்தார்கள். காது அடைக்கும் சத்தம். அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு பின்னால் வந்தது, “ஏனுங்ங்க.”

திரும்பினேன். ‘க்ளிக்.’

வேறு யார் காதிலும் அது விழவில்லை. குற்றமுள்ள ஒரு காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது. படத்தில் கூட்டம் முழுக்கத் தன் பாட்டுக்குப் போகிறது. ஒரு அம்மா பூவைத் தலையில் செருகிக்கொண்டே நடக்கிறாள். ஒருவர் கொட்டாவி விடுகிறார். ஒருவர் செருப்பு வாரை இழுத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். நட்டநடுவில் நான் மட்டும் திரும்பி நிற்கிறேன். கண் வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்திருக்கிறேன். ஒரு கால் தண்டவாளத்தின் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது, இன்னொன்று வர மறுக்கிறது. செல்வி அன்று கோயிலுக்கே வரவில்லை.

அவருடைய லட்சியப் படம் கிடைத்துவிட்டது. ஆனால் மனிதருக்குத் தூக்கம் இல்லை. கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லையே, அப்படியென்றால் கேட்காமல் எடுத்தது போலத்தானே? சின்னதாக ஒரு பிரதி போட்டுக்கொண்டு, படத்தில் முகம் தெரிகிற நாற்பத்து மூன்று பேரையும் தினமும் ரயிலில் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்டார். மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஒரு போட்டோ சங்கத்துக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் வைக்கப்போகும் கண்காட்சியில் வாசலிலேயே மாட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்.

“எல்லாரும் செரின்னுட்டாங்க தம்பி. தெனமும் பாக்கறவர்தானேன்னு உங்களைக் கடைசியா வெச்சேனுங்க. மாட்டிக்கட்டுங்களா?”

நான் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவு மரியாதையாக ஒருவர் கேட்கும்போது எங்கள் ஊர் வாய்க்கு அது வராது.

“அதுக்கென்னங்ணா, தாராளமா” என்றது என் வாய்.

அன்று இரவுதான் ஞாபகம் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில்தான் என் மச்சினன் இருக்கிறான். இலவசமாக எது வைத்தாலும் குடும்பத்தோடு போகிறவன். என் முகத்தைப் பார்த்தால், “அக்கா, மாமனை கண்காட்சி வாசல்ல மாட்டி வெச்சிருக்காங்க” என்று உடனே போன் போடுவான். அப்புறம் ஆடி வெள்ளி ஒன்பது மணிக்கு நான் ஏன் அப்படி நின்றேன் என்று ஒரு கேள்வி வரும். அதிலிருந்து நூல் பிடித்தால் பம்ப் கம்பெனி வரைக்கும் வந்துவிடும். தீர யோசித்து மறுநாள் காலை மீசையை எடுத்துவிட்டேன்.

“மீசை எங்கெங்க?” என்றாள் செல்வி.

“ஆபீஸ்ல எடுக்கச் சொல்லிப்போட்டாங்க.”

“பம்ப் கம்பெனியில மீசை என்னங்க பண்ணுது?”

ரயிலுக்கு ஓடினேன். மீசை போனதும், படத்தில் இருப்பதைவிட இன்னும் பயந்தவனாகத் தெரிந்தேன் என்பதுதான் கண்ட பலன்.

கண்காட்சிக்கு முந்தின நாள், ஏனுங்கண்ணன் படத்தைச் சட்டம் போட்டு, நியூஸ் பேப்பர் சுற்றி, நேராக ஜங்ஷனுக்கே கொண்டுவந்திருந்தார். முதலில் எனக்குக் காட்டவாம். நாலடிக்கு மூன்றடி. என் பயம் மட்டுமே ஒன்றரை அடி இருந்தது. அப்போதுதான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை, பெஞ்ச், செல்வி, மச்சினன், மீசை. இரண்டு மாதத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

முழுசாகக் கேட்டார். படத்தை மறுபடி பேப்பரில் சுற்றினார். என் மடியில் வைத்தார்.

“மூஞ்சி உங்களுதுங்க தம்பி. நீங்களே கொண்டுபோயிருங்க.”

“அப்ப நாளைக்கு என்னத்தை மாட்டுவீங்ணா?”

“மாட்டறதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. டீ இல்லை என்று டீக்கடைக்காரர் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலடிப் படத்தை மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் சாயங்கால நெரிசலில் கொண்டுபோகிற சுகம் என் விரோதிக்கும் வேண்டாம். துடியலூர் வருவதற்குள் பேப்பர் கிழிந்துவிட்டது. பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாருங்ணா தவறிப் போனது?”

“யாரும் போகலீங்க. நான்தானுங்க அது.”

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மீசைதான் போயிருக்குதாட்ட” என்றாள்.

வீட்டில் அதை எங்கே ஒளிப்பது? பீரோவுக்குப் பின்னால் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் பாதி போயிற்று, என் முகம் வெளியே நின்றது. அந்த நிலையில் செல்வி வந்தாள். குனிந்து, தரையிலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த புருஷனை வெகுநேரம் பார்த்தாள்.

“எந்தப் பாவிங்க உங்களை இப்படிப் பயமுறுத்துனது?”

“நீதான்” என்றேன். அதற்கு மேல் ஜோக் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாசமா நான் கட்டிக் குடுத்ததை எங்கெ உக்காந்து சாப்புட்டீங்க?”

“பிளாட்பாரத்துல.”

“தனியாவா?”

“இல்ல. ஏனுங்கண்ணன்னு ஒருத்தர்... பாதி அவரு சாப்புடுவாரு.”

அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. விடியற்காலையில் வழக்கத்தைவிடப் பெரிய டப்பாவாக எடுத்துச் சாப்பாடு கட்டினாள். “படத்தோட அந்தப் பக்கத்தைப் புடிங்க” என்றாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு கண்காட்சி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வெறும் ஆணி. அதன் கீழே ஒரு நாற்காலி போட்டு ஏனுங்கண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆணிக்குக் காவல் மாதிரி.

செல்வியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“ஊட்டுல ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டனுங்க. என்ர தப்புதான். மாட்டலாங்களா அம்மணி?”

“மாட்டுங்ணா” என்றாள். “என்ரகிட்டச் சொல்ல இவருக்கு ரெண்டு மாசம் ஆச்சு. உங்க கேமராகிட்ட ஒரே நிமிசத்துல சொல்லிப்போட்டாரு.”

மச்சினன் முதல் ஆளாகக் குடும்பத்தோடு வந்தான். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, என் கையைப் பிடித்து, “நல்லா விழுந்திருக்கீங்க மாமா” என்றான். அவன் சொன்னது படத்தைத்தானா என்று இன்னும் தெரியாது.

அடுத்த மாதம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கும் வேலை கிடைத்தது. இப்போது ஜங்ஷனில் இறங்கி அவசரமாக நடந்தால், அது நிஜமான அவசரம்.

ஏனுங்கண்ணன் கேமராவைக் கழற்றி வைக்கவில்லை. போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். ஆறு வாரம் ரயில் நிலையப் புழுதிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணபதியில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனோம். கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தவர், செல்வி கொண்டுபோன டப்பாவைத் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்குக் கூட்டம் எப்படிங்க தம்பி இருந்துது?”

பதினெட்டு வருஷத்துக்கு மேலாக அந்தக் கூட்டத்தில் இருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. எதையோ உளறிச் சமாளித்தேன். அதனால் மறுநாளிலிருந்து கண்ணைத் திறந்துகொண்டு இறங்குகிறேன். கொட்டாவிக்காரர் கண்ணாடி மாற்றியிருக்கிறார். பூச் செருகின அம்மா நேற்று யாருடனோ போனில் சிரித்துக்கொண்டே போனாள். சுரங்கப்பாதைப் படியில் ஒருவர், கையில் இரண்டு சுரைக்காயை வைத்துக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்தவர் போல நின்றார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மனதில் வைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் கணபதி வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.