மூலையும் முதுகுவலியும்

மனிதன் மறைந்தாலும் அவன் மேதைமை பதிவுகளில் நிலைத்து நிற்கும் என்று சாம்பியன் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய மேதைமையைப் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட கணினி அவர் மாப்பிள்ளையிடம் தோற்றுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ‘கோ’ ஆடக் கற்றது போன வாரம்தான்.

இடம், மறைந்த பல் டாக்டரின் கிளினிக். ஞாயிறுதோறும் நோயாளி நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு, நண்பர்களான டாக்டரும் சாம்பியனும் அங்கேதான் பலகை விரிப்பார்கள். கறுப்பு, வெள்ளைக் காய்களால் இடம் வளைக்கிற ஆட்டம். சாம்பியன் வளைப்பார். டாக்டர் வலது மூலையைக் கோட்டை விட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்வார்: “அடடா, இதைப் பாக்கவே இல்லையே!” கிராம்புத் தைல வாசனையோடு அந்தக் குரலும் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. சாம்பியன் வேறு யாரோடும் ஆடியதில்லை. பட்டம் கொடுத்தவரும் டாக்டர்தான்.

எல்லா ஆட்டங்களையும் சாம்பியன் எழுதிவைத்திருந்தார். அவரைப் போலவே ஆடும்படி மகள் அவற்றைக் கணினிக்குப் புகட்டியிருந்தாள். டாக்டரின் நினைவுநாளான இன்று சாயங்காலம், ஊர் விளையாட்டுக் கழகத்தார் வந்து அதன் ஆட்டத்தைப் பார்க்கப்போகிறார்கள்.

“அப்பா, வலது மூலையை எதிராளி விட்டுடுவான்னு இது காத்துக்கிட்டே இருக்கு. உங்க மாப்பிள்ளை விடமாட்டேங்கறார்.”

“நான் தோத்த ஆட்டம் ஒண்ணு ரெண்டு கலந்து குழப்புது. தூக்கிடு.”

மகள் தேடினாள். “இதுல தோத்திருக்கீங்க. அப்புறம் கொஞ்ச நாள் ஆட்டமே இல்லையே?”

“முதுகுவலி.”

“இங்கேயும் தோத்ததும்...”

“அதுவும் முதுகுவலிதாம்மா. தூக்குன்னா தூக்கு.”

தூக்கினாள். கணினி இன்னும் சீக்கிரமாகத் தோற்றது.

“மாமா, நான் வேணா கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடட்டுமா?” என்றார் மாப்பிள்ளை பவ்யமாக.

“விட்டுக்கொடுக்கிறதா! இந்தப் பலகையில அந்தப் பேச்சே கிடையாது. பதிவு வெறும் எலும்பு, மாப்பிள்ளை. உயிர் இங்க இருக்கு.” நெஞ்சைத் தட்டிக்கொண்டு சாம்பியன் தாமே ஆட உட்கார்ந்தார்.

அதே வலது மூலையில் அவரும் தோற்றார்.

“அப்ப கணினி சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கு” என்றாள் மகள்.

சாம்பியன் ஓரத்து நாற்காலியை வெகுநேரம் பார்த்தார். “அவன் மட்டும் இருந்திருக்கணும். அவனோட ஆடினா அந்த மூலை தானா என் கைக்கு வரும்.”

டீ கொண்டுவந்த டாக்டரின் மனைவி கோப்பையை அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

“என்கூட ஆடறப்ப அந்த மூலையை அவர் ஒருநாளும் விட்டதில்லைண்ணா. நீங்க தோத்தா முதுகுவலின்னு வரமாட்டீங்களே, அதான்.”